கண்ணாடிக்காரன் கட்டிய ஆமை வீடு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மரப்பெட்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

என் மகளுக்கு ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு இருக்கிறாள். அவள் அம்மா மறுபடி கட்டிக்கொண்டது ஒரு தச்சனை. நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ரம்பம். அவன் என் மகளுக்கு ஓர் ஆமையை வாங்கிக் கொடுத்து, அதற்கு மேசை நீளத்தில் மூடியில்லாத ஒரு மரப்பெட்டியும் அடித்துக் கொடுத்தான். அதோடு சனிக்கிழமைகளில் அவள் என்னிடம் வந்து தங்குவது நின்றுபோனது.

"வாத்தியாரை விட்டுட்டு எப்படிப்பா வர்றது?" என்றாள். வாத்தியார் என்பது அந்த ஆமை. "உன் வீட்டுல அவனுக்கு ஒரு இடம் இருந்தா ரெண்டு பேரும் வர்றோம்."

இடமா? இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். அந்த ரம்பம் நாலு பலகையை அடித்துவிட்டால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா?

கடையிலேயே உசத்தியான கண்ணாடியை எடுத்து அறுத்தேன். விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்த்துப் பெட்டியாக ஒட்டினேன். மேலே கண்ணாடி மூடி, அதற்கும் மேலே வெயிலுக்குப் பதிலாக எரியும் விளக்கு. அடியில் மண்ணும் தேங்காய் நாரும். ஒளிந்துகொள்ள, பக்கவாட்டில் சாய்த்த பூந்தொட்டி. கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ரம்பம் இதைப் பார்த்தால் செத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். உள்ளே விட்டதும் வாத்தியார் நேராக நடந்து கண்ணாடியில் முட்டினார். திரும்பவில்லை. அங்கேயே நின்று பிறாண்டினார். பிறகு அடுத்த பக்கம் போய் முட்டினார். மத்தியானம் வரை இதே வேலை. கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"போகப்போகப் பழகிடும்மா."

"பழகாதுப்பா. வெளிய போக வழி இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கான் பாவம்." அவள் கண் கலங்கிவிட்டது. "நாங்க கிளம்புறோம்."

பின்னறைக்குப் போய் ரம்பத்துக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. நடந்ததைச் சொல்லிவிட்டு, குத்திக்காட்டுவான் என்று காத்திருந்தேன். படுபாவி, அதைக்கூடச் செய்யவில்லை.

"ஆமைக்கு அது சுவருன்னே தெரியாதுண்ணே. வெளிப்பக்கம் சுத்திக் காகிதம் ஒட்டிடுங்க. மூடிய எடுத்துருங்க, காத்து வேணும். அந்த விளக்கோட புற ஊதாக் கதிரும் கண்ணாடியத் தாண்டி வராது, அது கிடைக்கலேன்னா ஓடு மெத்துன்னு ஆயிடும். விளக்க ஒரு ஓரமாத் தொங்கவிடுங்க. மறு ஓரம் குளுகுளுன்னு இருக்கட்டும்."

அண்ணனாம்! கதிர் தாண்டாது என்பது எனக்குத் தெரியாதா? திரைச்சீலை வெளுக்காது என்று சொல்லி நானே கண்ணாடி விற்றிருக்கிறேன். பொறாமையில் எல்லாம் மறந்து தொலைந்தது.

மூடியைக் கழற்றினேன். ஊரே மெச்சிய கண்ணாடிமேல் என் கையாலேயே பழுப்புக் காகிதம் ஒட்டினேன். விளக்கை ஓர் ஓரமாகச் சங்கிலியில் மாட்டினேன். வாத்தியார் ஒரு சுற்றுச் சுற்றினார். கீரையைக் கடித்தார். பிறகு விளக்கடியில் போய்க் கழுத்தை நீட்டிப் படுத்தார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பதான்ப்பா நம்ம வீடு மாதிரியே இருக்கு!"

"அப்ப தங்குறீங்கதானே?"

"ம், தங்குறோம்."

நம்ம வீடு என்றால் எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.