அண்ணனுக்காக வேவு பார்த்தது

அண்ணன் முடி வெட்டுகிறவன். ஊரில் பாதித் தலைகள் அவன் கைக்கு வந்துபோனவை. அதனால்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்றான். எந்தக் கதவைத் திறந்தாலும் தான் வெட்டிய மண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பது அவன் கணக்கு.

மூன்று நாட்களாகக் கடையில் அவனைக் கத்தரிக்கோலைத் தொட விடவில்லை. காலையிலேயே குடித்துவிட்டு வேலைக்குப் போய், ஒருவர் காதை நறுக்கிவிட்டான். அவர் பாதி வெட்டிய தலையோடு காதைப் பொத்திக்கொண்டு வெளியேறிவிட்டார். இப்போது அண்ணனுக்குத் தரையில் விழும் முடியைக் கூட்டுகிற வேலை. குடியை விடாவிட்டால் அடுத்த மாதம் அதுவும் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் அவன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பான். வலது கையின் இரண்டு விரல்கள் சும்மா காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக் கண்ணாடியில் அந்த நோட்டீஸைப் பார்த்தது நான்தான். குடியை விட நினைப்பவர்கள் வரலாம், வியாழன் மாலை ஆறு மணி, பெயர் சொல்ல வேண்டாம் என்று இருந்தது.

"நீ முதல்ல போய்ப் பாத்துட்டு வா" என்றான் அண்ணன். "எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தாலும் நான் வரமாட்டேன்."

வேவு பார்க்க அவனுக்குக் கிடைத்த ஆள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக் குரல் வராமல் படிப்பையே விட்டவள்.

கூட்டம் நடந்ததும் ஒரு வகுப்பறையில்தான். சின்னக் குழந்தைகளின் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். பதினோரு வருடத்துக்கு முன் தானும் குடித்தவர். இங்கே பார்த்த முகத்தை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் விதி என்றார்.

பெஞ்சு பெஞ்சாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்துவைத்து, தண்ணீர் தீர்ந்த அன்று மனைவியிடம் மாட்டிக்கொண்டதை ஒரு பஸ் டிரைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து என் முறை. சும்மா பார்க்க வந்தேன் என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

"நான் குடிப்பேன்" என்றேன்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணனுடையதெல்லாம் என்னுடையதாக வந்தது. ஷேவிங் லோஷன் பாட்டிலில் சாராயம் ஊற்றிவைத்தது, கை நடுங்கியது, ஒருவர் காதை நறுக்கியது. காது என்றதும் முதல் பெஞ்சில் கம்பளித் தொப்பி போட்டிருந்தவரின் கை தன் காதுக்குப் போனது. அங்கே பிளாஸ்திரி இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய முடி, மறுபக்கம் காலரைத் தொடும் முடி.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எந்த வகுப்பறையிலும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அடுத்த வாரம் வந்து ஏழு நாள் என்று சொல்ல வேண்டும் என்றார் நர்ஸம்மா.

அண்ணன் தெருமுனையிலேயே நின்றிருந்தான். யாராவது இருந்தார்களா என்று கேட்டான். விதி இருந்தது. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லண்ணா" என்றேன். பார்க்கப்போனால் பொய்யும் இல்லை.

அந்த வாரம் அவன் இரண்டு நாள் குடிக்கவில்லை. ஐந்து நாள் குடித்தான். வியாழக்கிழமை முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, மூன்று தெரு சுற்றி என்னை அழைத்துப் போனான். வாசலில் காலை வைத்ததும் கம்பளித் தொப்பி திரும்பியது. அண்ணனின் விரல்கள் நின்றுவிட்டன.

"யாரும் இல்லன்னியேடி" என்று பல்லைக் கடித்தான். திரும்பப் போனவனை, பின்னால் வந்த பஸ் டிரைவர் வழியை அடைக்காதீங்க தம்பி என்று உள்ளே தள்ளிவிட்டார். கடைசி பெஞ்சின் ஓரத்தில், ஒரு காலை வெளியே நீட்டி, ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்தான்.

நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டார். "வாம்மா. எத்தனை நாளாச்சு?"

குரல் வரவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின.

"மறுபடி குடிச்சிட்டியா? பரவால்ல, இங்க யாரும் திட்டமாட்டோம். போன வாரம் காது நறுக்கின கதை சொன்ன பொண்ணுதானே நீ?"

பஸ் டிரைவர் பக்கத்திலிருந்தவரிடம், இந்த வயசுல, பொம்பளப் புள்ள, பாவம் என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்தான். பெஞ்சு சாய்ந்தது. கதவுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

"அவ குடிக்கமாட்டா" என்றான். "ஒரு சொட்டு தொட்டதில்ல. அவ சொன்னதெல்லாம் என்னோடது." முதல் பெஞ்சைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டான்: "நேத்தும் குடிச்சேன்."

யாரும் கைதட்டவில்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பாதித் தலையைப் பார்த்து யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. தான் வெட்டாமல் விட்டுப்போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு உட்கார்ந்து, வெளியே நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். விரல்கள் மறுபடி வெட்டத் தொடங்கின.