தேரன்று விற்றுத் தீர்ந்த மோல்ற்

பலசரக்குக் கடை அரியரத்தினம் சிரித்ததைத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடைசியாகக் கண்டவன் நானாகத்தான் இருக்கும். குவாதலூப் தீவின் பானக் கம்பனி ஒன்று, பாரிஸ் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் தன் சரக்கை விநியோகிக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்த நாள் அது. இரண்டாயிரத்துப் பதின்மூன்று, சித்திரை மாதம். ஆவணியில் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் செத்த வீட்டுக்காரரே எழும்பிவந்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

சரக்கு மோல்ற். பார்லியில் செய்த இனிப்புப் பானம். வெறி ஒரு சொட்டும் இல்லை. அந்தத் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிப்பது. போத்தலோ மண்ணிறம், நீண்ட கழுத்து, தங்கத் தாள். பியர் போத்தலின் கூடப்பிறந்த தம்பி. எந்தத் தமிழ்ப் பெண் அதை முருங்கைக்காயோடு பையில் வைத்துக்கொண்டு மெற்றோவில் ஏறுவாள்? புறநகரான ஓல்னே-சூ-புவா கடைக்காரர்கள் கொண்டுபோன பெட்டிகளை மறுநாளே திருப்பி இறக்கினார்கள். அவர் கடையில் அடுக்கிய பெட்டிகளை மேலே பாலத்தில் போகும் மெற்றோவிலிருந்து எட்டித் தொடலாம், அவ்வளவு உயரம். அரிசி வைக்க இடமில்லை. அரிசிக்கு வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

கம்பனியின் பிரதிநிதி மர்கரீத் அம்மையார் பிள்ளையார் தேரன்று வருவதாக அறிவித்தார். அதற்குள் சரக்கு நகராவிட்டால் உரிமை போகும். உரிமையோடு கடையும் போகும்.

நித்திரை இழந்த மனிதருக்கு ஒரு யோசனை வந்தது: தண்ணீர்ப் பந்தல். மற்றக் கடைகள் அடியார்களுக்கு மோரும் சர்பத்தும் கொடுக்க, இவர் மோல்ற் கொடுப்பார். ருசி பிடித்தால் வாங்காமலா போவார்கள்?

தேர் வந்தது. பட்டு வேட்டியும் திருநீறுமாக நின்று, இரண்டு கையாலும் போத்தல்களை நீட்டினார். கூட்டம் சூடு பட்டதுபோல் விலகியது. காவடிகள் நின்றன. பிள்ளையாரே தும்பிக்கையால் கண்ணைப் பொத்தியதை நான் பார்த்தேன். அவர் மனைவி கோசலை கிட்ட வந்தார்.

"சாமிக்கு முன்னாலை நிண்டு பியர் குடுத்த முதல் மனுசன் நீங்கள்தான்."

"இது பியர் இல்லையப்பா."

"எனக்குத் தெரியும். சனத்துக்கு?"

தேர் அடுத்த தெரு திரும்புமுன் அரியரத்தினம் கடையில் பியர் என்ற செய்தி தூரப் புறநகர் ஆர்ஜொந்தெயை எட்டிவிட்டது. கடையின் பின்கதவில் ஆண்கள் வரிசை கட்டினார்கள். அரியரத்தினம் நேர்மையானவர், ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்.

"தம்பி, இதிலை வெறி இல்லை. சின்னப்பிள்ளையள் குடிக்கிறது."

"ஓம் அண்ணை," என்று கண்ணடித்தார் கார்ஜ் லே கொனெஸிலிருந்து வந்திருந்த சவிரிமுத்து. "வீட்டிலையும் அப்பிடித்தான் சொல்லப்போறன். ரெண்டு பெட்டி தாங்கோ."

மர்கரீத் வந்தபோது சரக்கு காலி; வரிசை மட்டும் குறையவில்லை. அம்மையார் சந்தோஷத்தில் அரியரத்தினத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். இவர்கள் இதைப் பியர் என்று நினைக்கிறார்கள் என அரியரத்தினம் தன் உடைந்த பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தார். நல்ல பகிடி என்று அம்மையார் தோடு கழன்று விழச் சிரித்து, மூன்று மடங்கு சரக்கு அனுப்பச் சொல்லித் தீவுக்கு ரெலிபோன் எடுத்தார். வேண்டாம் என்றால் உரிமை போகும். வேண்டும் என்றால், இன்றிரவு அத்தனை போத்தலும் திறக்கப்படும், வெறி இல்லையென்பது வெளிக்கும். அம்மையார் நீட்டிய தாளில் ஒப்பமிட்டார்.

மறுநாள் காலை சவிரிமுத்து வெறும் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நீங்கள் சொன்னது உண்மையாப் போச்சு, அண்ணை. இப்பிடி ஏமாத்துவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

அதன் பிறகு பின்கதவுக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் மூன்று மடங்கு மோல்ற்றோடு லொறி வந்து பின்பக்கமாகத் திரும்பியது. பெட்டிகளுக்கு இடம் வேண்டுமே. அரியரத்தினம் கடைசிப் பருப்பு மூட்டையையும் வெளியே தூக்கிவந்து நடைபாதையில் போட்டு, அதன்மேல் தானே குந்திக்கொண்டார்.