சுவரில் எழுதிய பாஸ்வேர்டு

ஆயுத பூஜை அன்று காலை, ஆற்று மட்டத்தைக் குறித்துவிட்டு, ராஜவேலு ஆபீஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. திருத்தணியில் அந்த ஒற்றை அறை வெள்ளக் கண்காணிப்பு ஆபீஸுக்கு அவன்தான் ஆபரேட்டர், அவன்தான் பியூன். சுவரில் பென்சிலால் எழுதியிருந்ததெல்லாம் ஈரத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் அந்த மகராசன் கவலையே படாமல் இரண்டாவது கோட்டும் அடித்தான்.

மழை மதியம் பிடித்துக்கொண்டது. பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஆற்றின் மேல்பக்கம் ஒரு அளவுப்பெட்டி உண்டு. இங்கிருந்து டெலிபோன் லைனில் மோடம் மூலம் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு கொடுத்தால், தண்ணீர் எத்தனை அடி என்று கம்ப்யூட்டரில் காட்டும். பத்தடி தாண்டினால் கீழே தரைப்பாலத்தை மூட வேண்டும். செல்போன் இன்னும் எல்லோர் கைக்கும் வராத 2003 அது.

மூன்று மணிக்கு, மோடத்துக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைத்துவிட்டு டயல் செய்தான். கிறீச்சிட்டுக் கத்தி லைன் கிடைத்தது, பாஸ்வேர்டு கேட்டது. வழக்கம்போல் சுவரைப் பார்த்தான். பால்காரர் நம்பர், கேஸ் நம்பர், நடுவில் பாஸ்வேர்டு, எல்லாமே காய்ந்த சுண்ணாம்புக்கடியில் மறைந்து, சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐயோ என்று உட்கார்ந்துவிட்டான்.

முன்பு முருகன் பேர்தான் பாஸ்வேர்டு. இந்த ஊரில் பாதி ஆபீஸுக்கு அதுதான். இன்ஜினியர் சூர்யபிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டு, எழுத்தும் எண்ணும் கலந்து வாயில் நுழையாத ஒன்றைப் போன மாதம் வைத்தார். "எங்கியும் எழுதி வெக்காத, மனப்பாடம் பண்ணு. மூணு வாட்டி தப்பா அடிச்சா ஒரு மணி நேரம் பூட்டிக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மூன்று முறை அடித்தான். மூன்றும் தப்பு. பூட்டிக்கொண்டது. இன்ஜினியர் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லீவுக்கு எங்கேயோ போயிருந்தார்கள்.

அப்போதுதான் தரைப்பாலத்துக் காவல்காரர் துளசிங்கம் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். ராஜவேலுவின் அக்கா கன்னியம்மாளின் புருஷன்.

"மச்சான், பாலத்து மேல கணுக்கால் தண்ணி ஓடிகினு கீது. பூஜைக்கு ஊருக்குப் போற ஜனம் கத்திகினு கீது. வுடலாமா, மூடலாமா? மேல எத்தினி அடி?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். மூடியிருப்பார். ஆனால் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதியதும், அதன்மேல் தானே சுண்ணாம்பு அடித்ததும் வெளியே தெரிந்தால் மானம் போகும், வேலையும் போகும். காலையில் குறித்த அளவு நோட்டில் இருந்தது.

"எட்டடி பாவா."

"இப்பதான் பாத்தியா?"

"ஆங், இப்பதான்."

"நீ சொன்னா சரிதான்" என்று போனை வைத்தார்.

அவர் சும்மா வழிவிட்டு நிற்கிற ஆளா? முன்னால் இறங்கி, பெண்களைக் கைபிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். நாலு மணிக்குத் தண்ணீர் மொத்தமாக வந்தது. கூடப் போனவர்கள் எப்படியோ தடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். துளசிங்கம் தண்ணீரோடு போய்விட்டார். டீக்கடைக்காரர் போனில் சொல்லிவிட்டு அழுதார்.

ராஜவேலு நாற்காலியை விட்டு எழவில்லை. ஜன்னலைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. சாரல் அறைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு அக்கா நனைந்த சேலையோடு ஓடிவந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"தம்பி, தேடிகினு கீறாங்கடா. இன்னும் கெடைக்கல. உன்கிட்ட கேட்டுட்டுதான வுட்டாராம்? நீ இன்னா சொன்ன?"

அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். சாரலில் சுவர் ஊறியிருந்தது. பால்காரர் நம்பர் தெரிந்தது. கேஸ் நம்பர் தெரிந்தது. நடுவில் பாஸ்வேர்டு, எழுத்து எழுத்தாக. மூன்று மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துச் சுவரில் வீசியிருந்தால் போதும். சொம்பு மேசைமேல் பூஜைக்கு வைத்தபடியே இருந்தது.

"எட்டடின்னு சொன்னேன்க்கா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மெஷினு சொன்னதத்தான நீ சொன்ன? உன் மேல இன்னா தப்பு? அழுவாதடா."

"ஆங்க்கா" என்றான்.