சபூறாவின் தட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கதையாகிப் போனதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கல்முனை டிப்போவில் கொண்டக்டராக இருக்கும் யோபு செல்வராசா, தேவாலயத்துக்குச் செயலாளரும் கூட. போன மாதம் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் ஆறும்வரை வளவளவென்று ஊர்க்கதை கதைத்துவிட்டு, கடைசியில்தான், அண்ணன் முறைக்கு என்னை 'நானா' என்று கூப்பிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"நானா, எங்கட சேர்ச்சில ஒரு மலர் போடுறம். போதகர் ஐயாட பிரசங்கம் சனத்தின்ட அண்டாட வாழ்க்கைக்கு எப்பிடி ஊக்கம் குடுக்குது எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க."

"நான் பள்ளிவாசலுக்குப் போற ஆள் தம்பி. பிரசங்கத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"அதுதான் நானா வேணும். எங்கட ஆக்கள் எழுதினா வெறும் புகழ்ச்சியாத்தான் வரும்."

ஓம் என்றேன். அன்றே உட்கார்ந்து, 'பிரசங்கமானது மனித வாழ்வின் இருளகற்றி ஒளியேற்றும்' என்று தொடங்கினேன். (தொடங்கிய இடத்திலேயே நின்றேன். இப்படி எழுதினால் யோபுவே வாசிக்கமாட்டார்.) பிறகு சலோமி டீச்சரின் ஞாபகம் வந்தது. கட்டுரை அத்தோடு கெட்டது.

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதத்து அந்த இரவில் காற்று' – இதை அப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கரையில் சூறாவளிக் கதையை எடுத்தால் வாசிப்பவர் என் கதையை மூடிவைத்துவிட்டுத் தன் கூரை எங்கே போய் விழுந்தது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவது: 'போதகர் ஞானமுத்துவுக்குச் சளி பிடித்திருந்தது.' இது எனக்குப் பிடித்த வாக்கியம். பின்னால் ஓரிடத்தில் நுழைத்துவிடுவேன், பொறுங்கள்.

மூன்றாவது: 'சலோமியின் அலுமாரியில் அடுத்த வீட்டுத் தட்டு ஒன்று இருந்தது.'

இதுதான் சரி. கதை இந்தத் தட்டில்தான் இருக்கிறது.

3

சலோமியின் அலுமாரியில் அடுத்த வீட்டுத் தட்டு ஒன்று இருந்தது. நீலக்கரை போட்ட எனாமல் தட்டு. சபூறாவுடையது.

சலோமி பாலர் வகுப்பு ஆசிரியை. புருஷன் இறந்தபின் தனியாக இருப்பவள். சபூறா அடுத்த வளவு. இருவருக்கும் இடையில் ஒரு கிடுகுவேலி, வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் பதினைந்து வருடமாக உப்பு போனது, தீப்பெட்டி வந்தது, ஊர் வம்பு இரண்டு பக்கமும் போய் வந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். பெருநாளுக்கு அங்கிருந்து தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்பு வட்டிலப்பம் வரும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு: சாப்பாடு வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த வருடத்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீலக்கரைத் தட்டில் வட்டிலப்பம் வந்தது. சலோமி தின்று முடித்து, தட்டைக் கழுவி, 'ஞாயிறு ஏதாவது செய்து அனுப்புவோம்' என்று வைத்தாள். அந்த ஞாயிறு அவளுக்குத் தடிமன், மூக்கடைத்துப் படுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் சூறாவளி வந்துவிட்டது.

வேலியோரத்தில் சலோமியின் தென்னை ஒன்று சபூறாவின் குசினிப் பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. "டீச்சர், அத வெட்டுங்க. ஒருநாள் எங்கட தலையில விழும்" என்று சபூறாவின் புருஷன் அப்துல் ஸமட் எத்தனையோ தரம் சொன்னார். சலோமி கேட்கவில்லை. வளவிலேயே நல்லாய்க் காய்த்த மரம் அது. அன்றிரவு கரை முழுக்கத் தென்னை விழுந்தது. அதுவும் விழுந்தது, சபூறாவின் குசினிமேல். ஆளுக்கு ஒன்றுமில்லை. அடுப்பும் சட்டி பானையும் மண்ணாகின.

விடிந்ததும் சலோமி ஓடிப்போனாள். சபூறா ஈரப்புடவையோடு நின்று சொன்னாள்:

"எல்லார்ட மரமும் காத்துக்கு விழுந்திச்சு. உன்ட மரம் உன்ட ஆசைக்கு விழுந்திச்சு."

உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்களே, அது இதுதான். சலோமி வந்த வழியே திரும்பினாள். வேலிக்குப் புதுக்கிடுகு வந்ததும் முதல் வேலையாகப் பொட்டை அடைத்தாள். அதற்குப் பிறகு தெருவில் கண்டால் சபூறா "டீச்சர்" என்பாள். பதினைந்து வருடமாக "சலோமி" என்றவள். அந்த மரியாதைதான் சலோமிக்குக் குத்தியது.

தட்டு அலுமாரியில் இருந்தது. வெறுமையாகக் கொடுக்க வழக்கம் விடாது. நிறைத்துக் கொடுக்க மானம் விடாது. அலுமாரியைத் திறக்கும் போதெல்லாம் அது முதலில் கண்ணில் பட்டது. மேல்தட்டுக்கு மாற்றினாள். அங்கிருந்தும் பார்த்தது.

(யோபு, இதுவரை பிரசங்கம் வரவில்லையே என்று யோசிக்கிறீர்கள். வருகிறது.)

4

போதகர் ஞானமுத்துவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதையில் போதகரைக் கொண்டுவந்தால் ஒன்று தேவதூதன் ஆகிவிடுகிறார், அல்லது திருடன் ஆகிவிடுகிறார். இவர் இரண்டுமில்லை. சைக்கிளில் குடையைக் கொழுவிக்கொண்டு திரிகிற, மெலிந்த, நாற்பது வயது மனிதர். பொறுமையைப் பற்றி அருமையாகப் பிரசங்கிப்பார். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் யோபுவோடு சண்டை பிடிப்பார்.*

சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய், ஒன்றும் வாங்காமல், சனம் எப்படிப் பேரம் பேசுகிறது, எதற்குக் கோபிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை அது பிரசங்கத்தில் வரும். முடிக்கும்போது ஒருநாளும் "ஆமென்" என்று முடிக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, இனித் திங்கட்கிழமை" என்பார். ஞாயிற்றுப் பிரசங்கம் திங்களுக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு, அங்கேயே அவிழ்த்துத் தின்றுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

சனம் அதைக் கட்டிக்கொண்டுதான் போனது. சூறாவளிக்குப் பிறகு கூரையில்லாத தேவாலயத்தில், தார்ப்பாயின் கீழே இருந்து, 'வீட்டைக் கட்டுமுன் அடுப்பைக் கட்டு, சூடான கஞ்சி பாதிக் கூரைக்குச் சமன்' என்று அவர் சொன்னதைக் கேட்டு எத்தனையோ குடும்பம் முதலில் அடுப்பு மூட்டி, பிறகு தெம்போடு கிடுகு பின்னியது. யோபுவும் ஒரு பிரசங்கத்துக்குப் பிறகுதான் பஸ்ஸில் பிரயாணிகளை 'ஏய்' என்று கூப்பிடுவதை விட்டார். முதல் வாரம் அவர் "ஐயா, கொஞ்சம் உள்ளுக்குப் போங்க" என்றதும் சனம் பயந்து இறங்கப் பார்த்ததாம்.

* இதை நீக்கச் சொல்லி யோபு கேட்டார். நீக்கினால் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பமாட்டீர்கள்.

5

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு. போதகர் ஞானமுத்துவுக்குச் சளி பிடித்திருந்தது. (சொன்னேன் அல்லவா.)

குரல் அடைத்திருந்தபடியால் சனம் முன்னால் சாய்ந்து கேட்டது. அன்றைய வசனம், காணிக்கை கொண்டுவரும்போது யாருக்காவது உன்மேல் மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்பது. போதகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கவனிங்க. உனக்கு மற்றவனில குறை இருந்தா எண்டு சொல்லல்ல. மற்றவனுக்கு உன்னில குறை இருந்தா எண்டுதான் சொல்லியிருக்கு. ஆர் முதல்ல போகணும்? காயப்பட்டவன் இல்ல." இருமினார். "இதுக்குள்ள ஒரு ஆள் இருக்கிறார். வேலிக்கு அங்கால இருக்கிற வீட்டோட கதைக்கிறல்ல. ஆளைச் சொல்லமாட்டன். அவருக்கே தெரியும்."

சலோமி சட்டென்று நிமிர்ந்து போதகரைப் பார்த்தாள். இவருக்கு யார் சொன்னது? தட்டைப் பற்றியும் தெரியுமா? இவ்வளவு நாளும் அவள் தன் மனக்காயத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். குசினியை இழந்தது சபூறா என்பது தேவாலய வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நேராகத் தைத்தது.

"சரி" என்றார் போதகர். எல்லோரும் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தார்கள். "திங்கட்கிழமை வரைக்கும் ஏன் பாக்கிறீங்க? இண்டைக்கே போங்க."

முதல் பிரதியில் இந்த இடத்தில் சலோமி காணிக்கையை வைத்துவிட்டு ஆராதனை நடுவில் எழுந்து நடப்பதாக எழுதியிருந்தேன். பாடல் முழங்க, காற்றில் சேலை பறக்க – அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவளல்ல. கடைசிப் பாட்டுவரை பாடி, போதகருக்குக் கைகொடுத்து, "சளிக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வந்தவள் மா அளந்தாள், முட்டை அடித்தாள், பட்டர் கேக் போட்டாள். சூடு ஆறுமுன்னே வெட்டி, அலுமாரியிலிருந்து நீலக்கரைத் தட்டை இறக்கி நிறைத்தாள். தெருவால் போகவில்லை. தான் அடைத்த கிடுகைத் தானே பிடுங்கி, பொட்டால் நுழைந்தாள்.

6

சபூறா கிணற்றடியில் நின்றாள். சலோமியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். தலைக்கு நேரே நின்ற சூரியனையும் ஒருதரம் பார்த்தாள்.

"நோம்பு நாளையில, பட்டப்பகல்ல, கேக்கா டீச்சர்?"

நோன்பு! ஊர் முழுக்க நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும் றபான் கொட்டின் சத்தம் தினமும் சலோமியின் யன்னலடியால்தான் போகும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் எதையும் கேட்காமலிருக்க எட்டு மாதமாகத் தன்னைப் பழக்கியவள், அதையும் கேட்காமல் விட்டிருந்தாள். இப்போது நோன்பாளியின் மூக்குக்கு நேரே பட்டரும் வனிலாவும் மணக்க நின்றாள். திரும்பினால் தட்டு திரும்பிப் போகும். நின்றால் மானம் போகும். அவள் வாயைத் திறக்குமுன் முன்வாசல் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

சபூறாவின் மகள் நதீரா ஓடிவந்தாள். "உம்மா, இங்க வாங்களன்! வேதக்காரருக்கு இண்டைக்கு என்ன பெருநாள்?"

தெருவில் யோபு செல்வராசா, பொரித்த மீன் தட்டோடு, தன்னோடு கோபமாயிருந்த பக்கீர் முகைதீனின், நோன்புக்குப் பூட்டிய தேத்தண்ணிக்கடை முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். அங்கால் ஒருவர் வாழைக்குலையோடு. இன்னும் அங்கால் ஒரு அம்மா மூடிய பாத்திரத்தோடு. போதகர் சொன்ன அந்த 'ஒரு ஆள்' தான்தான் என்று தேவாலயத்தில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். பாதிப்பேரும் பகல் பன்னிரண்டரைக்கே சமாதானமாகப் புறப்பட்டிருந்தார்கள்.

பக்கீர் முகைதீன் கடைப்பலகையை நீக்கி எட்டிப் பார்த்தார். "யோபு, மீனக் கொண்டு வந்தது சந்தோசம் மகன். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கொண்டு வந்திருந்தா இன்னும் சந்தோசம்."

சபூறா சிரித்துவிட்டாள். நோன்போடு அப்படிச் சிரித்தால் தொண்டை காயும். அவளால் நிறுத்த முடியவில்லை. சலோமியும் தட்டைப் பிடித்தபடி சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. எனக்கும் இதை எழுதும்போது சிரிப்பில் பேனை நேரே நிற்கவில்லை.

7

இனிச் சமாதான வார்த்தை வர வேண்டும். இங்கேதான் அதிகம் திண்டாடினேன்.

(அ) சலோமி, "என்னை மன்னித்துவிடு சபூறா" என்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். – கல்முனையில் வேலிப் பொட்டுக்குள் நின்று யாரும் இப்படிப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

(ஆ) ஒன்றும் பேசவில்லை, மௌனமே எல்லாவற்றையும் சொன்னது. – எழுதத் தெரியாதவன் ஒளியும் இடம்.

(இ) இது இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னது. ஆகவே நடந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்த மரத்த ஸமட் நானா சொன்ன அண்டைக்கே வெட்டியிருக்கணும் கா" என்றாள் சலோமி.

"ஓம், வெட்டியிருக்கணும்." சபூறா தட்டை வாங்கினாள். "ஆனா இங்கால விழுந்த தேங்காயெல்லாத்தையும் நானும்தானே புறக்கித் திண்ட நான். அப்ப எனக்கும் அது நல்ல மரம்தான்." பிறகு கேக்கின் மணம் எட்டாதபடி தட்டைத் தூரப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பின்னேரம் வா சலோமி. நோம்பு துறக்க வா."

சலோமி. டீச்சரல்ல.

அன்று மாலை பாங்கு சொன்னதும் அந்தப் பாயில் பேரீச்சம்பழம், கஞ்சி, பட்டர் கேக். தெரு முழுக்க அப்படித்தான். பொரித்த மீனைத் திரும்பவும் சூடாக்கிக் கொண்டு யோபு கடைக்குப் போனார். சளியோடு சைக்கிளில் வந்த போதகரையும் பிடித்து உட்காரவைத்து, பக்கீர் முகைதீன் மிளகு தூக்கலாய் ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தார்.

"ஐயா, ஆரை நினைச்சுச் சொன்னீங்க?" என்று யோபு மெல்லக் கேட்டார்.

"ஆரையும் இல்ல தம்பி. ஒரு ஆளாவது இருக்காமலா போகும் எண்டு நம்பிச் சொன்னன்." போதகர் தெருவைப் பார்த்தார். "தூண்டில்தான் போட்டன். கரைவலையாப் போச்சு."

8

இங்கே முடித்துவிடலாம் என்று யோபு சொல்கிறார். மலருக்கு இதுவே அதிகமாம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

தட்டு சபூறாவுடையது. அது நிறைந்து அவளிடம் போய்விட்டது. கணக்குத் தீர்ந்தது. தீர்ந்தால் இனி யாரும் யாரிடமும் போகத் தேவையில்லையே என்று பாயிலிருந்து எழும்பும்போது சலோமிக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. உண்மையில் சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

அவள் பொட்டைக் குனிந்து தாண்டப் போகையில் சபூறா பின்னாலிருந்து கூப்பிட்டாள். கையில் நீலக்கரைத் தட்டு. அதில் வட்டிலப்பம்.

"தட்டு பத்திரம். வெறுந்தட்டா வரப்படாது, தெரியும்தானே?"

மூன்று வருடமாகிறது. தட்டு இன்னும் போய் வந்துகொண்டிருக்கிறது. பொட்டு முன்னிலும் பெருத்துவிட்டது. இப்போது தட்டு யார் வீட்டில் என்று கேட்டால், ஒவ்வொருத்தியும் அடுத்தவளைக் காட்டுகிறாள். இதற்கு நான் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது? வைத்தால், அந்த நேரத்தில் தட்டு யாரிடம் இருக்கிறதோ அவளிடம் அது தங்கிப் போகும்.

அதனால் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை அள்ளி நிறைத்து, வேலிக்கு மேலால் இதை உங்களிடம் நீட்டுகிறேன். நீங்களும் கதைக்காமல் விட்ட ஒரு வீடு பக்கத்தில் இருக்கும், ஆளைச் சொல்லமாட்டேன். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும்