நான்கு சிவப்புக் கட்டங்கள்

அடெல் மிஷோ தாளைக் கேமராவுக்கு அடியில் வைத்தபோது சுவரிலிருந்த திரையில் கணக்கு தலைகீழாகத் தெரிந்தது. திருப்பி வைத்தாள், பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்றாவது முறை தாளில் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது.

"ஏழாங்கிளாஸ் பசங்க கணக்கத் தலைகீழாத்தான் புரிஞ்சுக்கிறாங்க. இப்ப இதுவும் அவங்க கட்சியில சேர்ந்திருச்சு" என்றாள். பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

நோரீன் தெரியோ நீல நிற ஒட்டுநாடாவை எடுத்து, கேமராவின் பார்வைக்குள் விழும் இடத்தை மேசையில் நான்கு மூலைகளிலும் குறித்து ஒட்டினாள். "தாளோட மூலை நாடாவோட மூலையில உக்காரணும், அவ்வளவுதான். நீங்க திரையப் பாக்காதீங்க, மேசையப் பாருங்க." அடெல் மேசையைப் பார்த்து வைத்தாள். கணக்கு நேராக நின்றது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, பொண்ணே" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் கடைசியாக மிச்சமிருந்த டோனட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

அது நவம்பர் மாதம். கனடா எல்லையை ஒட்டிய மெய்ன் மாநிலத்தின் வடக்கே, காகித ஆலை மூடிப்போன ஒரு ஊரின் நடுநிலைப் பள்ளி. ஆலை போன பின் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பறை பூட்டப்பட்டது. பூட்டிய அறைகளிலிருந்து மேசைகளை வெளியே எடுத்தார்கள். வேறு எங்கிருந்தோ வந்த மானியத்தில் மீதி அறைகளுக்குத் திரைகளும் கேமராக்களும் வந்து சேர்ந்தன. அவற்றை எப்படி இயக்குவது என்று சொல்ல யாரும் வரவில்லை. அறிவியல் ஆசிரியையான நோரீன் தானாகவே புதன்கிழமைகளில் பள்ளி விட்டதும் நூலகத்தில் உட்கார ஆரம்பித்தாள். பிரின்சிபால் கர்ட் லகாஸ் அவளுக்கு 'தொழில்நுட்ப வழிகாட்டி' என்று ஒரு பட்டம் கொடுத்தார். பாடவேளை ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முதல் திரையில் அன்றைய வேலையைப் பெரிய எழுத்தில் போட்டு வையுங்கள், தாமதமாக வருபவன் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. கட்டுரைக்குப் பக்கம் பக்கமாகத் திருத்தம் எழுதாதீர்கள், அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். எழுத்தைப் படிக்காத பிள்ளைகூட தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்பான். பாதி வீடுகளில் இணையம் கிடையாது, ஆகவே வெள்ளிக்கிழமையே பாடத்தைப் பிள்ளைகளின் லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காகிதப் பிரதி கையில் இருக்கட்டும். வைஃபை போகும் நாள் எப்போதும் நீங்கள் நன்றாகத் தயாரித்து வந்த நாளாகத்தான் இருக்கும்.

யாருக்கு எது வரவில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ள அவள் கணினியில் ஒரு பட்டியல் போட்டாள். பதின்மூன்று பெயர்கள், பத்துக் கட்டங்கள். வந்துவிட்டால் பச்சை, பாதி வந்தால் மஞ்சள், வராவிட்டால் சிவப்பு. யாருக்கும் காட்டுவதற்காகப் போட்டதல்ல. அடுத்த புதன்கிழமை யார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று தெரிவதற்காகப் போட்டது. கர்ட் ஒரு நாள் கேட்டார், "எனக்கும் அதத் தொறந்து விடுங்களேன், யாரையாவது பாராட்டணும்னா எனக்குத் தெரியணுமில்ல." திறந்து விட்டாள். நவம்பர் பதினான்காம் தேதி அடெலின் வரிசையில் நான்கு சிவப்புகள் இருந்தன.

பிப்ரவரியில் ஒரு நாள் அடெலின் வகுப்பைத் தாண்டிப் போனபோது நோரீன் வாசலில் நின்றுவிட்டாள். யாரோ ஒரு பிள்ளையின் தவறான விடைத்தாளை அடெல் கேமராவின் கீழ் வைத்திருந்தாள். பெயர் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். அந்த யோசனை நோரீன் கொடுத்ததுதான். ஆனால் எங்கே தப்பு என்று கேளுங்கள் என்றுதான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அடெல் வேறு மாதிரி கேட்டாள்.

"இந்தப் புள்ள எதுவரைக்கும் சரியா யோசிச்சிருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

கைகள் உயர்ந்தன. மூன்றாவது வரி வரைக்கும் என்றான் ஒருவன். இல்லை, நாலாவது வரையும் சரிதான், குறியைத்தான் மாற்றி எழுதியிருக்கிறான் என்றாள் இன்னொருத்தி. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அது என்னோட பேப்பர்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். கொஞ்சம் பெருமையாகக்கூட.

இருபத்தாறு ஆண்டு அனுபவம் ஒரு கருவியைக் கையில் எடுத்தால் என்ன செய்யும் என்று நோரீன் அன்று பார்த்தாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இன்று போய் அந்தக் கட்டங்களைப் பச்சையாக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள். மகள் மரீஸின் பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, ஜூஸ் கொடுத்திருக்கிறோம், வாருங்கள் என்றார்கள். ஓடினாள். மறுநாள் மறந்துபோனாள். அதற்கடுத்த நாள் நினைவு வந்தது, கையில் நேரமில்லை. பட்டியலில் சிவப்பாக இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் தோன்றியது.

மார்ச் மாதம், தெருவோரப் பனி கறுத்துக் கிடந்த வாரத்தில் கர்ட் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த ஆண்டிலிருந்து ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதத்தையும் அறிவியலையும் ஒரே ஆள்தான் எடுப்பார். இரண்டுக்கும் சான்றிதழ் இருப்பவர்கள் அடெலும் அவளும் மட்டும்; ஒருவர் போயாக வேண்டும்.

"அடெல் தான மூத்தவங்க" என்றாள் நோரீன்.

"மூப்ப மட்டும் பாக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. தகுதி பாக்கணும், எழுத்துல ஆதாரம் வேணும். உங்க பட்டியல நான் ஜனவரியிலயே கல்வி வாரியத்துக்கு அனுப்பியிருந்தேன். உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லத்தான் அனுப்பினேன்." அவர் மேசையிலிருந்த காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். வண்ண அச்சு. சிவப்பு நல்ல சிவப்பாக விழுந்திருந்தது.

எல்லா ஆசிரியர்களையும் ஒரே தாளில் அருகருகே நிறுத்திய ஆவணம் அந்தப் பள்ளியில் அது ஒன்றுதான்.

"இது பழசு. அவங்க எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்க. என்னைவிட நல்லாப் பண்றாங்க."

"எப்ப மாத்துனீங்க?"

"மாத்தல."

கர்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். கெட்டவர் அல்ல. பனிப்புயல் நாட்களில் தன் வண்டியில் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுபவர். "இன்னிக்கு மாத்துனா இன்னிக்கு தேதிதான் விழும், நோரீன். இது தெரிஞ்சப்புறம் மாத்துனீங்கன்னு தெரியும். அது ஒண்ணு. இன்னொண்ணு, போறது அவங்க இல்லன்னா அது நீங்க. உங்க பொண்ணோட மருந்து, இன்சூரன்ஸ் எல்லாம் இந்த வேலையிலதான இருக்கு? யோசிச்சுச் செய்ங்க. நான் எதுவும் சொல்லல."

அவர் சொல்லியாகிவிட்டது. நோரீன் வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். முட்டை அடுக்குக்குக் கீழே மரீஸின் இன்சுலின் பேனாக்கள் படுத்திருந்தன. பால் எடுக்கத்தான் திறந்தாள். பாலை எடுக்காமலே மூடினாள்.

வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் அடெல் நோரீனின் அறைக்கு வந்தாள். பிள்ளைகள் மதிய உணவுக்குப் போயிருந்தார்கள். சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, முழங்கால்கள் தூக்கி நிற்க, கையில் சாண்ட்விச்சைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை விசாரணையாம். வாரியத்துக்கு முன்னால நான் பேசலாமாம். என் புருஷன் ரெஜி கேட்டான், இருபத்தாறு வருஷம் வேலை பாத்துட்டு அஞ்சு நிமிஷம் பேசுறதுக்கா போறேன்னு."

"நான்தான் அத மாத்தாம விட்டுட்டேன், அடெல்."

"தெரியும். நீ ஒரு ஆளு, நாங்க பதிமூணு பேரு. நான் கோவிக்கல." சாண்ட்விச்சைப் பார்த்தாள். "உன்னக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவ கத்துக்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு ஒண்ணரை வருஷம் போதும், அதுக்கப்புறம் பென்ஷன் வந்துரும். சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றாள் நோரீன். அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

வியாழன் மாலை ஆறு மணிக்குப் பள்ளியின் உணவுக்கூடத்தில் விசாரணை. மதியம் பரிமாறிய மக்ரோனியின் வாடை இன்னும் இருந்தது. வாரியத்தின் ஐந்து பேரும் மடக்கு மேசைக்குப் பின்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அடெல் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தலைவர் நோரீனை அழைத்தார். ஓரத்திலிருந்த ஒரு கிழவர், "இவங்களையே கேக்குறது முறையா? இவங்க வேலையும்தான இதுல இருக்கு" என்றார். "பட்டியல் இவங்க போட்டது. வேற யாரக் கேக்குறது" என்றார் தலைவர்.

"இந்தப் பட்டியல் நீங்க போட்டதுதானா?"

"ஆமா."

"இதப் போட்டப்போ இதுல இருக்கறது சரிதானா?"

"போட்டப்போ சரிதான்."

அடுத்த வாக்கியம் அவள் நாக்கின் மேல் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு அவங்க கத்துக்கிட்டாங்க. சின்ன வாக்கியம். தலைவர் நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தாள் திரும்பும் நேரம் முழுக்க அவளுக்கு இடம் இருந்தது. ஓரத்துக் கிழவர்கூட அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரப் போகிறது என்பது போல. அவள் இரண்டாவது வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடெலை வேலையிலிருந்து எடுக்க நான்குக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது. கை தூக்காதவர் அந்தக் கிழவர்.

வெளியே வரும்போது அடெல் தாழ்வாரத்தில் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். நோரீன் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொய் எதுவும் சொல்லலியே நீ" என்றாள் அடெல். இரண்டாவது கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தாள். "கேட்டதுக்கு பதில் சொன்ன. போ, வீட்டுல உம் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

திட்டியிருந்தால் நோரீனுக்கும் பதிலுக்கு ஏதாவது வாயில் வந்திருக்கும். காரில் உட்கார்ந்து அந்தப் பதில்களை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். எனக்கு வேறு வழியில்லை. உங்களுக்காவது ரெஜியின் ஆலை பென்ஷன் வருகிறது. நான் மட்டுமா காரணம். சொல்லச் சொல்ல எல்லாம் நியாயமாகவே ஒலித்தன. கேட்பதற்கு ஆளில்லை.

அதற்கப்புறம் புதன்கிழமைகளில் நூலகத்துக்கு யாரும் வரவில்லை. ஆளுக்கொரு வேலை இருந்தது. ஏப்ரலில் இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்துவிட்டு அவளும் நிறுத்திவிட்டாள். பட்டியலை அழிக்கப் போனாள். அது இப்போது வாரியத்தின் கோப்பு, அழிக்க அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

ஜூன் மாதக் கடைசி நாளில் பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் அடெல் தன் காரின் பின்பெட்டியை மூட முயன்றுகொண்டிருந்தாள். உள்ளே ஒரு சுழல் நாற்காலி, செடித் தொட்டிகள், மூட்டையாகக் கட்டிய சுவர்ப் படங்கள். நாற்காலியின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நோரீன் கேட்காமலே போய் மூடியை அழுத்திப் பிடித்தாள். அடெல் மின்சார எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை எடுத்து மூடிக்கும் பம்பருக்கும் இடையில் முடிச்சுப் போட்டாள்.

"என் கிளாஸ்ல ஓல்சன்னு ஒரு பய, அவன் வீட்டுல வைஃபை கிடையாது" என்றாள், முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே. "கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவான். நீ காகிதத்துல குடு."

"சரி."

"இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க. நீயே கண்டுபிடிச்சுக்குவ."

கார் மெதுவாக நகர்ந்தது. பின்மூடி வாய் திறந்தபடி மேலும் கீழும் ஆடியது. சாலை முனையில் நின்று, அடெல் இடதுபக்க விளக்கைப் போட்டாள். மரக்கட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கனடா பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. அவை போனதும் மரப்பட்டைத் துணுக்குகள் தார் மேல் விழுந்து உருண்டன. சாலை காலியானது. இரு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை வண்டி எதுவும் இல்லை. இடது விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, கார் நகரவில்லை. நோரீன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கார் திரும்புவதற்காகக் காத்து நின்றுகொண்டிருந்தாள்.