அக்குளில் ஐந்து நிமிடம்

"இன்னும் ஒரு நூல் வெட்டு கண்ணு. சம்பந்திக்கு மூச்சு முட்டும்," என்றார் அப்பா.

சின்னவள் வளைந்த கத்தரிக்கோலால் ஒட்டுத் தட்டின் நடுவட்டத்தைப் பெரிதாக்கினாள். குடல் அறுவைக்குப் பின், மலம் சேர்வதற்காக அந்தத் தட்டோடு அப்பாவின் வயிற்றில் ஏறிய பையின் பெயர்தான் சம்பந்தி. சபையில் எப்போது குரல் கொடுக்கும் என்று சொல்லமுடியாது. நான்கு வருடமாக அவள் அதைத் தொட்டதில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, ஒட்டியதும் அவர் மூன்று முறை இருமிச் சோதிப்பதைக் கேட்பதோடு சரி.

இன்று அவருக்குக் கை நடுங்கியது. பத்து மணிக்கு, பை வைத்தவர்களுக்கான நீச்சல் போட்டி.

"பயமாப்பா?"

"குஷிடி. ராத்திரி பூரா கட்டில்லயே நீந்தி தலகாணிய கிழிச்சிட்டேன்."

போன வருடம் பாதித் தூரத்தில் பை கழன்றது. முப்பத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவரின் வாயில், அது தீயணைப்பு வண்டி வந்து குளத்தை இறைத்து, மேயர் மயங்கி விழுந்த கதையாகியிருந்தது. அதன்பின் ஆறு மாதம் அவர் குளத்துப் பக்கமே போகவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கடைசியா வந்தாலும் பரவால்ல. இந்தத் தடவ கழலக் கூடாது."

"கழலாது."

"அக்குள்ல வை. அஞ்சு நிமிஷம். உங்கம்மாவோட கோவம் இருந்துச்சே, அது மாதிரி. சூடேறிட்டா விடாது."

அவள் தட்டை இடுக்கிக்கொண்டாள். அப்பா நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கூட்டாளி தையல்காரர் நீந்தும் அழகைக் கைகளை வீசி நடித்துக் காட்டினார். "அவன் நீந்துனா, மழைல நனைஞ்ச பாய்..."

தலையணையில் சரிந்தார். அதுவும் நடிப்பென்று அவள் சிரித்தாள். பிறகு ஒற்றைக் கையால் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

எதிர்வீட்டு நர்ஸ் வந்து வெகுநேரம் மார்பை அமுக்கினாள். பின் கையை எடுத்துக்கொண்டாள். "போயிட்டாரும்மா."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. தையல்காரர் நீச்சல் தொப்பியோடேயே உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

நர்ஸ் அப்பாவின் திறந்த வயிற்றைப் பார்த்தாள். "துணி வெச்சு கட்டிருவோமா?"

"வேணாம். சூடாயிருச்சு," என்றாள் சின்னவள்.

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். அவளுடைய இடது கை இன்னும் விலாவோடு ஒட்டியே இருந்தது.

துடைத்தாள், ஈரம் போக ஒற்றினாள், பையோடு தட்டை ஒட்டினாள். ஓரம் முழுக்க விரலால் நீவினாள். தையல்காரர் குனிந்து பார்த்தார்.

"ஒரு சுருக்கம் இல்ல. என் தையல்லகூட இப்படி வந்ததில்லடா," என்றார் நண்பரிடம்.

பையின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, அவள் இருமலுக்காகக் காத்திருந்தாள்.