மருமகள் பிடித்த மீன்

நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தில். காலையில் உள்ளே போனால் ஊரார் சளி, ஊரார் சிறுநீர், ஊரார் மலம் என்று குப்பிகள் வரிசையாகக் காத்திருக்கும். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறையில் வயிறாரச் சாப்பிடுகிற ஆள் நான். அருவருப்பெல்லாம் எனக்குச் சுலபத்தில் வராது. அப்படிப்பட்ட எனக்கே, என் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவனின் அப்பா தூண்டிலுக்கு இரை கோத்ததைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது.

மீன்பிடி விடுமுறை அவருடைய ஏற்பாடுதான். கடற்கரையில் விடுதி, சாப்பாடு, தூண்டில், கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு கைடு. "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் கொஞ்சம் ஒட்டணும் சம்பந்தியம்மா," என்றார். மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.

புறப்படுகிற அன்று மகள் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அம்மா, அவன் ரொம்ப நல்லவன். மாமாதான் கொஞ்சம் ஒரு மாதிரி. எனக்காகக் கொஞ்சம் வாய அடக்கிக்கோ, ப்ளீஸ்." அப்பா இல்லாமல் வளர்ந்த பெண். கல்லூரியிலிருந்தே அவனைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. அம்மா வாயால் இந்தக் கல்யாணம் கெட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

அந்தக் கடற்கரையில் வெயில் ஏறுவதற்கு முன்பே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. கைடு மணலில் குழாய்களை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டிலைச் செருகி, நுனியில் சின்ன மணி கட்டினார். மணி அடித்தால் மீன். வந்த அன்றே விதியையும் சொல்லிவிட்டார்.

"பெரிய மீன் மாட்டினா தண்ணியிலயே வச்சு முள்ளக் கழட்டிடணும். பிடிச்சவங்க கையில வச்சு ஒரே ஒரு போட்டோ. உடனே விட்டுடணும். மீன் செத்துப்போச்சுன்னா அவங்களுக்கு அப்புறம் தூண்டில் கிடையாது. முதலாளி இதுல ரொம்பக் கண்டிப்பு."

சம்பந்தி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. இரைக்கு வைத்திருந்த வாளியில் கையை விட்டு ஒரு கணவாயை எடுத்தார். ஐஸ் கரைந்து நாற்றமெடுத்துக்கிடந்த கணவாய். கத்தி பக்கத்திலேயே இருக்க, அதைப் பல்லால் கடித்து இரண்டாகப் பிய்த்தார். மீசையில் கொழகொழவென்று ஏதோ தொங்கியது. "இப்படித்தான் செய்யணும். மீன் தானா வரும்," என்று இரையின் மேல் ஒரு முறை துப்பவும் செய்தார். பிறகு கையை மகனின் சட்டையில், முதுகில், மேலும் கீழுமாகத் துடைத்தார். பையன் முதுகை வாகாகத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அதே கையால் ஒரு அவித்த முட்டையை உரித்து என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்க சம்பந்தியம்மா. கடல் காத்துக்கு நல்லாப் பசிக்கும்."

சாப்பிட்டேன். பெற்ற கடனுக்கு அதையும் விழுங்கினேன்.

அவர் மனைவி குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கென்று சம்பந்தி தூண்டில் கேட்கவே இல்லை. கணவர் தொண்டையைச் செருமினால் நிமிர்ந்து பார்ப்பார், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், மறுபடி குனிந்துகொள்வார். வெயில் எப்படி, தூக்கம் வந்ததா என்று நான் கேட்டதற்கெல்லாம் சிரித்தாரே தவிரப் பேசவில்லை.

மறுநாள் காலை மகளின் மணி அடித்தது. சும்மா அடிக்கவில்லை, தூண்டிலே வளைந்து குழாயோடு சாயப் பார்த்தது. ஓடிப்போய்ப் பிடித்தாள். "ஓட விடுங்க, ஓட விடுங்க... ஆங், இப்பச் சுத்துங்க," என்று கைடு பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் பின்னால் சாய்வதும் முன்னால் இழுபடுவதுமாகத் திண்டாடினாள். அலை முழங்காலுக்கு வந்தது. ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தே போனாள், தூண்டிலை மட்டும் விடவில்லை. நடுவில் வாய்விட்டு ஒரு கத்து கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டு வெகு காலமாகிவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆழமில்லாத தண்ணீரில் மீன் புரண்டபோதுதான் அதன் அளவு தெரிந்தது. பாரை மீன், ஒரு குழந்தை அளவுக்கு இருந்தது. கைடே வாயைப் பிளந்தார்.

"குடு குடு, உன்னால முடியாது!" சம்பந்தி ஓடி வந்து தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு சுற்றுச் சுற்றினார். அப்புறம் மீனைச் செவுளில் கையை விட்டு இழுத்துக் காய்ந்த மணலில் போட்டார்.

"சார், தண்ணியில வச்சு..." என்றார் கைடு.

"ஒரு நிமிஷம்பா."

மார்பில் அணைத்து ஒரு போட்டோ. தலைக்கு மேல் தூக்கி ஒன்று. கை வழுக்கி மீன் தொப்பென்று விழுந்தது, எடுத்து மறுபடி ஒன்று. போனில் யாரையோ கூப்பிட்டு, "பாத்தியாடா, நான் பிடிச்சது!" என்று காட்டினார். கடைசியில் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மீனின் கண்ணில் மாட்டி, அதன் வாயில் ஒரு முத்தமும் கொடுத்தார். அந்த வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மண் அப்பிய செவுளில் ரத்தம் கசிந்தது. படம் எடுத்தது பையன்தான். என் மகள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பல் மட்டும் தெரிகிற சிரிப்பு.

கைடு பொறுக்க முடியாமல் மீனை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். அதன் தலையை அலைப்பக்கம் வைத்துப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்து, வெகு நேரம் பார்த்தார். அது வயிறு மேலாகத் திரும்பி மிதந்தது.

"செத்துடுச்சு சார். உங்க தூண்டில எடுத்துடறேன்."

"என்னோடதா?" சம்பந்தி சிரித்தார். "பிடிச்சது மருமகதானே? நான் சும்மா தூக்கிக் குடுத்தேன். அவ தூண்டில எடு. என்னடா?"

பையன் மணலைப் பார்த்தான். "ஆமா... அவதான் பிடிச்சா." பிறகு அவள் பக்கம் குனிந்து, "விடும்மா, ஒரு மீன்தானே," என்றான்.

"எடுத்துக்கோங்க," என்றாள் என் மகள் கைடிடம். கைடு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் தூண்டிலைக் குழாயோடு பிடுங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் பையன் எங்கள் அறை வாசலுக்கு வந்தான். குளித்து, தலை வாரி, சட்டை மாற்றியிருந்தான். சோப்பு வாசனை அடித்தது. எனக்காகக் குளிர்ந்த ஜூஸ் வேறு.

"கோவமா இருக்கீங்களா அத்தை? அப்பா அப்படித்தான். மனசுல ஒண்ணும் கிடையாது. நானும் அம்மாவும் கண்டுக்கவே மாட்டோம். மொதல்ல எரிச்சலா இருக்கும், அப்புறம் பழகிடும். இவளும் பழகிடுவா. காலையில பாத்தீங்கல்ல, எவ்வளவு அழகா சமாளிச்சா!"

பெருமையாகத்தான் சொன்னான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். அப்பன்காரன் கணவாயைக் கடித்ததையும் துப்பியதையும் பொறுத்துக்கொண்ட என் வயிறு, இந்தச் சுத்தமான பிள்ளையின் முன்னால் புரட்டிக்கொண்டு வந்தது. அந்த ஜூஸைக் கையால் தொடக்கூட முடியவில்லை.

"அவ பழகக் கூடாதுன்னுதான் தம்பி நான் தனியாளா நின்னு வளர்த்தேன்," என்றேன்.

"நீங்க டென்ஷனா இருக்கீங்க அத்தை. ரெஸ்ட் எடுங்க." சிரித்தபடியே டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

உள்ளே மகள் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். தூண்டில் நரம்பு அறுத்த கோடு அவள் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது.

"நான்தான்மா பிடிச்சேன்."

"தெரியும்டி."

"எவ்வளவு கனம் தெரியுமா? தோள்பட்டையே கழண்டுடும்போல இருந்துச்சு. நான் விடலையே!" அவள் குரல் உடைந்தது. "பிடிச்சதும் நான்தான், அதச் சாக விட்டதும் நான்தான். வாய் வாயாத் தொறந்துச்சும்மா. நான் பக்கத்துல நின்னு சிரிச்சிட்டிருந்தேன். என்னை நினைச்சாலே எனக்கு அருவருப்பா இருக்கு."

அழட்டும் என்று விட்டேன். கொஞ்சம் அடங்கியதும், "நான் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நானே சொல்றேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறுங்காலோடு போனாள். நானும் பின்னாலேயே போனேன். சாப்பாட்டு அறையில் மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். சம்பந்தி வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே, "வா மருமகளே, உட்காரு," என்றார்.

இத்தனை வருஷமாக அவரை மாமா, மாமா என்று கூப்பிட்டவள் உட்காரவில்லை.

"சார்," என்றாள். "இந்தக் கல்யாணம் வேண்டாம்."